சிசிலியா, கிரீட்டா, மதீராவா? ஒரு வார விடுமுறைக்கு ஏற்ற தீவு

ஐரோப்பாவில் ஏதாவது ஒரு தீவில் ஒரு வாரம் தங்கிவர நினைப்பவர்கள் பெரும்பாலும் நீலக் கடலும் வெண்மணலும் தெரியும் ஒரு படத்தைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வாரம் எப்படிக் கழியும் என்பது எந்த மாதத்தில் போகிறோம், காரை நாமே ஓட்டுவோமா, தீவின் பரப்புக்கு நம்மிடம் உள்ள நாட்கள் ஈடுகொடுக்குமா என்பவற்றைப் பொறுத்தது. இத்தாலியின் சிசிலி, கிரேக்கத்தின் கிரீட், போர்த்துகலின் மதீரா ஆகிய மூன்றையும் இந்தக் கோணத்தில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பதால் விசாவை வைத்து ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ள வேண்டிய தேவை இல்லை.

முதலில் பரப்பைப் பார்ப்போம். மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான சிசிலி ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர் பரந்தது; மேற்கே பலெர்மோவும் கிழக்கே கத்தானியாவும் தனித்தனி விமான நிலையங்களோடு இரண்டு தலைநகரங்களைப் போல இயங்குகின்றன. கிரீட் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஏறத்தாழ 8,300 சதுர கிலோமீட்டர். ஆனால் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீண்டு கிடப்பதாலும், நடுவே 2,400 மீட்டருக்கு மேல் உயரும் மலைத்தொடர்கள் நிற்பதாலும், வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊருக்குப் போக அரை நாள் ஆகிவிடுகிறது. மதீரா 740 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சிறு எரிமலைத் தீவு. ஃபுன்ஷால் நகரில் ஒரே அறையில் தங்கிக்கொண்டு தீவு முழுவதையும் பார்த்துவிடலாம். ஏழு நாளில் முழுத் தீவையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவருக்கு மதீரா மட்டுமே பொருந்தும். சிசிலியிலும் கிரீட்டிலும் ஒரு பாதியைத் தேர்ந்துகொண்டு மறுபாதியை விட்டுவிடும் மன உறுதி வேண்டும். அது இல்லாதவர்களின் வாரம் நெடுஞ்சாலையிலேயே கரைந்துவிடுகிறது.

மாதத்தைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் கூர்மையானது. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியின் சிராகூசா நகருக்கு அருகில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது; ஐரோப்பாவில் இதுவரை உறுதிப்படுத்தப்பட்ட உச்ச வெப்பநிலை அதுவே. எல்லா ஆண்டும் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், ஜூலை, ஆகஸ்ட் நண்பகலில் சிசிலியின் கோயில் இடிபாடுகளுக்கு நடுவே நிழலின்றி நடப்பது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உகந்ததல்ல. கிரீட்டிலும் வெயில் கடுமைதான். கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி காற்று அதைக் கொஞ்சம் தணித்தாலும், அதே காற்று வடகரையில் கடலைக் கொந்தளிக்க வைத்து நீந்த முடியாத நாட்களையும் உண்டாக்குகிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரையும் இந்த இரு தீவுகளுக்கும் நல்ல காலம். வசந்தத்தில் மலைகளில் பூக்கள் நிறைந்திருக்கும், ஆனால் கடல் குளிரும். கோடை முழுவதும் சூடேறிய கடல் அக்டோபரிலும் குளிக்க ஏற்றதாகவே இருக்கும். ஆகவே கடலுக்காகப் போகிறவர்கள் இலையுதிர் காலத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை நிலைமை மாறிவிடுகிறது. கிரீட்டின் கடற்கரை ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் பெருமளவு மூடிக்கிடக்கும். சிசிலியின் நகரங்கள் ஆண்டு முழுவதும் தம் வாழ்க்கையை வாழ்பவை என்பதால் மழைக்கு நடுவிலும் அங்கே பார்ப்பதற்கு உண்டு. மதீராவோ அட்லாண்டிக்கின் இதமான காற்றில் குளிர்காலப் பகலிலும் 19, 20 டிகிரியில் நிற்கிறது. டிசம்பரில் விடுப்புக் கிடைத்தவர்கள் தயங்காமல் அங்கே போகலாம். ஆண்டின் கடைசி இரவில் ஃபுன்ஷால் விரிகுடாவைச் சுற்றிய மலைச்சரிவுகளிலிருந்து எழும் வாணவேடிக்கை புகழ்பெற்றது. ஒரே நாளில் தென்கரையில் வெயிலும் வடகரையில் மழையும் இருக்கும் தீவு அது என்பதால் குளிருக்கான மேலாடையும் மழைச்சட்டையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

கார் ஓட்டாதவர்களுக்குச் சிசிலி தெளிவாக மேலானது. கத்தானியாவிலிருந்து தெற்கே சிராகூசாவுக்கும் வடக்கே தவோர்மினாவுக்கும் ரயில் உண்டு; பலெர்மோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ரயிலிலேயே அக்ரிஜெந்தோவை அடையலாம்; கத்தானியாவுக்கும் பலெர்மோவுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்குள் போகும் பேருந்துகள் ஓடுகின்றன. இத்தாலியின் பெருநிலத்திலிருந்து வரும் ரயில், மெசீனா நீரிணையில் பெட்டிகளோடு கப்பலில் ஏற்றப்பட்டுத் தீவுக்கு வருகிறது. ரோமிலிருந்து தொடங்குபவர்கள் அந்த அனுபவத்துக்காகவே ஒரு முறையாவது விமானத்தைத் தவிர்க்கலாம். கிரீட்டில் ரயிலே இல்லை. வடகரையில் ஹெராக்லியோன், ரெதிம்னோ, ஹானியா ஆகிய நகரங்களைப் பேருந்துகள் நன்றாக இணைக்கின்றன. ஆனால் தீவின் அழகு பெரும்பாலும் தெற்கிலும் மலைகளுக்குள்ளும் இருக்கிறது, அங்கே பேருந்து நாளுக்கு ஓரிரு முறைதான். மதீராவில் சுரங்கப்பாதைகள் பயண நேரத்தைக் குறைத்திருக்கின்றன என்றாலும், அவற்றை விட்டு விலகியதும் சாலைகள் மிகவும் செங்குத்தானவை. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு போகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். சிசிலியில் கார் எடுத்தால், பழைய நகர்ப்பகுதிகளில் வெளி வாகனங்கள் நுழையக் கூடாத எல்லைகளைக் கேமராக்கள் கண்காணிக்கின்றன, அபராதம் பல மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியில்தான் என் மனம் வெளிப்படையாகச் சிசிலியின் பக்கம் சாய்கிறது. கிரேக்கர், ரோமர், பைசாந்தியர், அரபியர், நார்மானியர், ஸ்பானியர் என அடுத்தடுத்து ஆண்டவர்கள் ஒருவர் கட்டியதை மற்றவர் முழுவதும் அழிக்காமல் அதன்மேலேயே கட்டியிருக்கிறார்கள். சிராகூசாவின் பழைய நகரமான ஒர்தீஜியாவில் உள்ள தேவாலயத்துக்குள் நுழைந்தால், பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டில் அதீனாவுக்கு எழுப்பிய கோயிலின் தோரிய தூண்கள் சுவருக்குள் பதிந்து இன்றும் கூரையைத் தாங்கி நிற்பதைக் காணலாம். அதே கட்டடத்தின் முகப்பு 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் பரோக் பாணியில் எழுந்தது. பலெர்மோவில் நார்மானிய அரசன் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த அரண்மனைச் சிற்றாலயத்தில், சுவர்களில் பைசாந்தியக் கலைஞர்களின் பொன் மொசைக்குகளும் மேலே இஸ்லாமியக் கைவண்ணத்தில் செதுக்கிய மர விதானமும் ஒரே அறையில் சேர்ந்திருக்கின்றன. அக்ரிஜெந்தோவின் கொன்கோர்தியா கோயில் பிற்காலத்தில் தேவாலயமாக மாற்றப்பட்டதால்தான் இடியாமல் தப்பியது. இவற்றோடு எட்னா எரிமலையும் இருக்கிறது: 1,900 மீட்டர் வரை சாலை, அங்கிருந்து 2,500 மீட்டர் வரை கம்பிவட ஊர்தி. எட்னா சாம்பல் கக்கும் நாட்களில் கத்தானியா விமான நிலையம் மூடப்படுவதுண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிரீட்டின் தொன்மை இதைவிடப் பழையது, ஆனால் அதைப் புரிந்துகொள்ள முன்தயாரிப்பு தேவை. க்னோசோஸ் அரண்மனையை 1900ஆம் ஆண்டு முதல் அகழ்ந்த ஆர்தர் எவன்ஸ், பல பகுதிகளைக் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பி வண்ணம் பூசினார். இன்று நாம் காணும் சிவப்புத் தூண்களில் எது தீவின் பழங்கால மக்களான மினோவர்களுடையது, எது எவன்ஸின் கற்பனை என்று பிரித்தறிவது கடினம். அதனால் முதலில் ஹெராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அசல் சுவரோவியங்களையும், 1908இல் கிடைத்து இன்னும் யாராலும் வாசிக்கப்படாத, குறிகள் பதித்த களிமண் வட்டான ஃபைஸ்தோஸ் வட்டையும் பார்த்துவிட்டு, பிறகு க்னோசோஸுக்குப் போவது நல்லது. நேரம் இருந்தால், பெரிதாக எதுவும் திரும்பக் கட்டப்படாமல் மெசாரா சமவெளியை நோக்கி இருக்கும் ஃபைஸ்தோஸ் அரண்மனைக்கும் போகலாம். எனக்கு அதுவே அதிகம் பிடிக்கிறது. இடிந்ததை இடிந்தபடியே விட்டு வைத்திருப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

கடலிலும் நடையிலும் கிரீட் முந்துகிறது. மேற்கில் எலஃபோனிசியும் பாலோஸும் ஆழமற்ற தெளிந்த நீர் கொண்டவை. காலையில் சீக்கிரம் போகாவிட்டால் கூட்டத்தில் அகப்படுவோம். வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும் சமரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் இறக்கம். முடியும் இடமான அயியா ரூமேலிக்குச் சாலையே இல்லாததால் படகு ஏறித்தான் வெளியே வர முடியும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்க்கவே வேண்டும். மதீராவில் மணற்கரை என்பது அரிது. கால்யேட்டாவில் இருப்பது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். மதீராவுக்குப் போக வேண்டியது லெவாடா எனப்படும் பாசன வாய்க்கால்களின் ஓரமாக, யுனெஸ்கோ 1999இல் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற லாரல் காடுகளுக்குள் நடப்பதற்காக. பல வாய்க்கால் பாதைகள் ஏறக்குறைய சமதளமாகவே செல்வதால் மலையேறிப் பழகாதவர்களும் நடக்கலாம். ஆனால் சில இடங்களில் ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம் இருக்கும்.

சைவ உணவுக்காரர்களுக்குக் கிரீட் ஆறுதல் தரும். ஆர்த்தடாக்ஸ் நோன்பு மரபால் எண்ணெயில் வேகவைத்த காய்கறிகள், காட்டுக் கீரைகள், அரிசி அடைத்த தக்காளி, பார்லி ரொட்டிமேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த தாகோஸ் எல்லாம் சிற்றூர் உணவகத்திலும் கிடைக்கும். சிசிலியிலும் கத்தரிக்காய் சேர்ந்த நோர்மா பாஸ்தா, கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கபொனாட்டா, பலெர்மோ தெருக்களில் கொண்டைக்கடலை மாவில் பொரிக்கும் பனெல்லே ஆகியவை உண்டு. மீன் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். மதீரா மீனையும் மாட்டிறைச்சியையும் நம்பிய தீவு. பழங்கள் அருமை, சைவ உணவு சிரமம்.

முதல் முறை போகிறவர்கள், ஏப்ரல் இறுதியிலோ அக்டோபரிலோ விடுப்பு அமையுமானால், கார் எடுக்காமல் கத்தானியாவில் இறங்கி, சிராகூசாவில் நான்கு இரவும் பலெர்மோவில் மூன்று இரவும் தங்கி, பலெர்மோவிலிருந்தே விமானம் ஏறலாம் என்பது என் பரிந்துரை. ஒர்தீஜியா சமதளமாக இருப்பதால் பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கும் ஏற்றது. நன்றாகக் கார் ஓட்டுபவர்களும் கடலே முதன்மை என்பவர்களும் ஹானியாவை மையமாக்கிக் கிரீட்டின் மேற்குப் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையால் ஆகஸ்ட்டை விட்டால் வேறு வழியில்லாத குடும்பங்களுக்கு, வெப்பம் 26 டிகிரியை ஒட்டியே நிற்கும் மதீராதான் சரி. கடலோரத்தில் தூண்கள்மேல் நீட்டப்பட்ட அதன் ஓடுபாதையில் பலத்த காற்று வீசும் நாட்களில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்படுவதால், லிஸ்பனிலிருந்து தொடரும் நீண்ட பயணத்துக்கு அதே நாளில் பயணச்சீட்டு எடுக்காமல் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.