மலேரியா மாத்திரைகள்: மூன்று நாள் சுலபம், பதினாலு நாள்தான் பாடு

மலேரியாவுக்கு எந்த மாத்திரை நல்லது என்று என்னைக் கேட்பவர்கள் அதிகம். எனக்கு மலேரியாவில் இரண்டு வகையும் வந்து போயிருப்பதுதான் காரணம். ராயபுரத்தில் குடியிருந்தபோது வைவாக்ஸ், வேலைக்காகத் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இருந்தபோது ஃபால்சிபேரம். இரண்டுமே குளிரெடுத்துத் தூக்கிப் போடும், எத்தனை போர்வை போர்த்தினாலும் பல் கிட்டிக்கும், அப்புறம் தலையணை நனையும் அளவுக்கு வேர்த்துக் கொட்டும். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு, ஆகவே ரத்தப் பரிசோதனையில் எந்த வகை என்று தெரியாமல் மாத்திரைகளை ஒப்பிடுவது வெட்டிப் பேச்சு. இதுவும் சிக்கலில்லாத மலேரியாவுக்கு மட்டும்தான்: நினைவு தெளிவாக இருக்க வேண்டும், மாத்திரையை விழுங்கி உள்ளே வைத்திருக்க முடிய வேண்டும். வலிப்பு, மயக்கம், கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது, விடாத வாந்தி என்று எது இருந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சென்னைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வைவாக்ஸ்தான். மொட்டை மாடித் தொட்டியிலும் மூடாத கிணற்றிலும் வளர்கிற கொசு பரப்புவது அது. அதற்கு குளோரோகுயின், மூன்று நாள் கணக்கு. பெரியவர்களுக்கு வழக்கமாக நாள் வரிசையில் நாலு, நாலு, ரெண்டு மாத்திரை. பழைய மருந்து, விலை மலிவு, வைவாக்ஸுக்கு இந்தியாவில் இன்னும் நன்றாகவே கேட்கிறது. எனக்கு ரெண்டாம் நாளே காய்ச்சல் அடங்கிவிட்டது. கசப்பு மட்டும் தாங்காது, நாக்கில் ஒட்டினால் அன்றைக்குச் சாப்பாடே ருசிக்காது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் அரிப்பெடுக்கும், அதற்கு அலர்ஜி என்று பயப்படத் தேவையில்லை, டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் ஃபால்சிபேரத்துக்கு இதை நம்பவே கூடாது. அசாமில் 1973லேயே அந்தக் கிருமி குளோரோகுயினுக்கு மசியாதது தெரிந்துவிட்டது, தான்சானியா 2001ல் இதைக் கைவிட்டது.

சரி, காய்ச்சல் போனதும் வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும், கல்லீரலில் தூங்குவதைத் தொடாது. சில வாரமோ சில மாதமோ கழித்து அது எழுந்து வந்தால், கொசு கடிக்காமலேயே மறுபடி அதே நடுக்கம். அதைத் தீர்ப்பது பிரைமாகுயின், பதினாலு நாள், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே உயர்ந்த மாத்திரை இதுதான், மோசமாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். நாலாம் நாள் உடம்பு லேசானதும் முக்கால்வாசி மாத்திரைப் பட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறோம். எங்கள் தெருவுக்கு வருகிற கார்ப்பரேஷன் மலேரியா ஒர்க்கர் அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: பட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் விட்டாலும் அந்தத் தேதி நம்மைப் பார்த்து முறைக்கும். சோதனை, மாத்திரை எல்லாமே இலவசம், அந்தச் சேவைக்கு என் முழு மதிப்பெண்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். முடிந்தால் அந்தச் சோதனையை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. சிறுநீர் கோகோ கோலா நிறத்தில் போனாலோ கண் மஞ்சளானாலோ உதடு நீலம் பாரித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்க மாட்டார்கள். பதினாலு நாளை ஒரே வேளையாக்கும் டஃபெனோகுயின் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2018ல் அனுமதி கொடுத்தது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் உடம்பில் வெகுநாள் தங்குகிற மருந்து, பாதியில் நிறுத்த வழியில்லை. அதனால் ஜி6பிடி எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

இப்போது தார் எஸ் சலாம். அங்கே 2006லிருந்து ஃபால்சிபேரத்துக்கு முதல் மருந்து ஆர்டிமெதர் - லூமிஃபேன்ட்ரின், ஊரில் எல்லோரும் மிசெட்டோ என்பார்கள். மஞ்சள் மாத்திரை, பெரியவர்களுக்கு வேளைக்கு நாலாக ஆறு வேளை, மொத்தம் 24. வேகம் அசாத்தியம், மறுநாளே எழுந்து உட்கார்ந்தேன். இதில் ரெண்டு தொல்லை. முதல் வேளைக்கும் ரெண்டாம் வேளைக்கும் எட்டு மணி நேரம்தான் இடைவெளி, மாலையில் ஆரம்பித்தால் நடுராத்திரி அலாரம் வைத்து எழ வேண்டும். ரெண்டாவது தொல்லைதான் முக்கியம்: கொழுப்புச் சத்தோடு சாப்பிட்டால்தான் லூமிஃபேன்ட்ரின் உடம்பில் சரியாக ஏறும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சித் தண்ணியும் ரஸ்க்கும் கொடுக்கிற நம் பழக்கம் இங்கே உதவாது. சின்ன டம்ளர் பால் குடித்தாலும் போதும். அங்கே எண்ணெய் வழிகிற சப்பாத்தியும் பால் டீயும் தெருமுனையிலேயே கிடைக்கும், எனக்கு அதுதான் மருந்துக்குத் துணை.

இதோடு போட்டி போடுவது டைஹைட்ரோஆர்டிமிசினின் - பிப்பராகுயின். என் சக ஊழியர் எடுத்தது இது. நாளுக்கு ஒரே வேளை, மூன்றே நாள், நடுராத்திரி அலாரம் கிடையாது. கொழுப்பான சாப்பாட்டோடு சேர்க்க வேண்டாம் என்பார்கள். பிப்பராகுயின் வாரக்கணக்கில் உடம்பில் நிற்பதால், கொசுக்கடி ஓயாத ஊரில் அடுத்த மலேரியா சீக்கிரம் தொற்றாமலும் காக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்விலும் ஆப்பிரிக்காவில் இது இந்த விஷயத்தில் முன்னால் நின்றது. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது, கம்போடியாவிலோ கிருமி இதற்கும் பழகி மருந்தே தோற்றுப் போயிற்று. கொசு அதிகமான ஆப்பிரிக்க ஊரில் எனக்கு மறுபடி வந்தால், டாக்டர் சரியென்றால், இதைத்தான் கேட்பேன்.

தமிழ்நாட்டில் ஃபால்சிபேரம் என்றால் அரசு வைத்தியம் ஆர்டிசுனேட்டும் சல்ஃபாடாக்சின் - பைரிமெத்தமினும் சேர்ந்த பட்டை, வயதுக்கு ஒரு நிறத்தில் வரும். வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் சல்ஃபாடாக்சின் கூட்டு தோற்றதால் 2013ல் ஆர்டிமெதர் - லூமிஃபேன்ட்ரினுக்கு மாற்றினார்கள். நான் எடுத்ததில்லை, ஆகவே மேலே பேசவில்லை.

எனக்குப் பிடிக்காத அனுபவம் ஒன்றே ஒன்றுதான், அது மாத்திரையால் வந்ததல்ல. ராயபுரத்து வைவாக்ஸுக்கு நான் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். விழுங்க முடிகிற, பேசிக்கொண்டிருக்கிற ஆளுக்கு மூன்று நாள் ஊசியும் ஒரு பாட்டில் குளுக்கோஸும் எழுதினார்கள், பில் நாலு இலக்கத்தில் நின்றது. சீட்டை மேலிருந்து கீழே படித்தேன். வயிற்றுக்கு மாத்திரை இருந்தது, வைட்டமின் இருந்தது, பிரைமாகுயின் மட்டும் இல்லை.