நீலத்திரை காட்டும் பழைய மடிக்கணினி: சரிசெய்வதா, ரீசெட்டா, புதிதாக நிறுவுவதா?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினி திடீரென நீலத்திரையை (விண்டோஸ் பெரும்பிழையில் நின்றுபோகும்போது வரும் திரை) காட்டி, தானாக அணைந்து எழத் தொடங்கினால் நம் முன் மூன்று வழிகள் உள்ளன: இருக்கிற விண்டோஸைக் கட்டளைகளால் சரிசெய்வது, விண்டோஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் 'ரீசெட்' கொடுப்பது, பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவது. புதுக் கணினியென்றால் முதல் வழியிலேயே தொடங்கி முடித்துவிடலாம். முன்பு வைத்திருந்தவரும் விற்ற கடைக்காரரும் உள்ளே என்னென்ன செய்தார்கள் என்று தெரியாத கணினிக்கு அந்தக் கணக்கு மாறுகிறது.

கட்டளை வழியில் நம் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை முதலில் டிஸ்ம் (DISM), அடுத்து எஸ்எஃப்சி (SFC) என்ற வரிசையில் ஓட்ட வேண்டும். ஏனெனில், எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுக்கும் கிடங்கையே டிஸ்ம்தான், தேவைப்பட்டால் இணையத்திலிருந்து தருவித்து, செப்பனிடுகிறது. பலர் வரிசையை மாற்றி ஓட்டிவிட்டு 'பலனில்லை' என்கிறார்கள். ஆனால் இவ்விரண்டும் விண்டோஸின் சொந்தக் கோப்புகளோடு நின்றுவிடும். கடையில் ஏற்றிய பொருந்தாத டிரைவரையோ (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்), திருட்டு மென்பொருளையோ தொடாது. பழைய கணினியில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ரீசெட் பார்வைக்கு எளிது. எனக்கு நம்பிக்கை குறைவு. கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 'லோக்கல்' முறை வட்டில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைக் கொண்டே விண்டோஸை மறுபடி கட்டுவதால், அவை சிதைந்திருந்தால் பாதியில் நிற்கும். 'கிளவுட்' முறை சுமார் 4 ஜிபி பதிவிறக்கினாலும் இதைவிட மேல். வேறு கணினி கைவசம் இல்லாதவருக்கு இதுவே வழி.

புதிதாக நிறுவ 8 ஜிபி பென்டிரைவும், அதைத் தயார்செய்ய இன்னொரு கணினியும் வேண்டும். வட்டில் இருப்பதெல்லாம் அழியும். வாங்கிச் சில நாளே ஆன கணினியில் இழக்க அதிகமில்லை என்பதால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதற்குமுன் ஓர் இரவு ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) சோதிக்க வேண்டும் என்பதை அடிபட்டுத்தான் கற்றேன். நான் வாங்கிய மடிக்கணினியின் நீலத்திரை பிழைப்பெயராக ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது, மறுநாள் 'பேஜ் ஃபால்ட்' என்றது. புதிதாக நிறுவ முயன்ற இரண்டு முறையும் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில் நின்றது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டினால், பத்து நிமிடத்துக்குள் திரை முழுக்கப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். பின்மூடியைத் திறந்து, இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டினேன். விடியும்வரை ஒரு சிவப்பு வரியும் வரவில்லை. அன்றிலிருந்து, ஒரே பிழைப்பெயர் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரையும், பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ரேமையும் முதலில் சந்தேகிக்கிறேன்.

புதிதாக நிறுவுவதில் இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், முறையான உரிமம் பெற்ற கணினி இணையத்தில் இணைந்ததும் விண்டோஸைத் தானே செயல்படுத்திக்கொள்ளும் (ஆக்டிவேஷன்). கடையில் குறுக்குவழியில் செயல்படுத்தியிருந்தால் பெரும்பாலும் அப்போது வெளிப்பட்டுவிடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் 11ஐ நிறுவுவதே நல்லது. ஆனால் அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். நிறுவும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வந்தால், அந்தக் கணினி இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கிறது என்று பொருள். அதை அவர்கள்தான் நீக்க முடியும் என்பதால், மேற்கொண்டு எதையும் சரிசெய்யாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.