தனிப்பெட்டியா, ரூமெட் அறையா?

அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து, சான் பிரான்சிஸ்கோவை அடுத்த எமரிவில் வரை 2,438 மைல் ஓடும் கலிபோர்னியா செஃபிர் ரயிலில், தனியாருக்குச் சொந்தமான ரயில் பெட்டியொன்றை வாடகைக்கு எடுத்து இணைப்பதா, அந்த ரயிலை ஓட்டும் ஆம்டிராக் நிறுவனத்தின் ரூமெட் எனும் இருவர் படுக்கும் சிற்றறையே போதுமா என்று தயங்குவோருக்காக இது.

செலவு: தனிப்பெட்டிக்கு வாடகையோடு, மைல் கணக்கில் ஆம்டிராக் வாங்கும் இழுவைக் கட்டணமும் நிறுத்திவைக்கும் கட்டணமும் சேரும். ரூமெட்டில் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம்.

வசதி: ரூமெட்டில் இருவர் எதிரெதிரே நெருக்கி அமர வேண்டும், குளியலறை பொது. தனிப்பெட்டி பெரும்பாலும் கடைசியில் கோக்கப்படுவதால், பின்புறத் திறந்த மேடை உள்ள பெட்டி கிடைத்தால், கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கு பின்னோக்கி விலகுவதைக் காற்றுபட நின்று பார்க்கலாம். கொடுக்கும் பணம் இதற்கே தகும் என்பேன்.

இறங்கும் வசதி: ரூமெட் பயணி ரயில் நிற்கும் எந்த நிலையத்திலும் இறங்கலாம்; ஆனால் தனிப்பெட்டியை இடைநிலையங்களில் கழற்றி மாட்டுவதை ஆம்டிராக் 2018 முதல் வெகுவாகக் கட்டுப்படுத்தியுள்ளது.

செலவைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய குழுவுக்குத் தனிப்பெட்டி பொருந்தும். இருவர் மட்டும் என்றால் ரூமெட்டே சரி.