இரவுப் பார்வை பைனாகுலர்: பெட்டியில் எழுதிய தொலைவும் கண்ணுக்குக் கிடைக்கும் தொலைவும்

இணையக் கடைகளில் சுமார் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை இரவுப் பார்வை பைனாகுலர் என்ற பெயரில் விற்கப்படும் கருவிகள், மேல்கூடும் பெயரும் வேறுபட்டாலும், உள்ளமைப்பில் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அத்தகைய ஒரு கருவியைத் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரை ஒட்டிய பகுதியில், வேலிக்கால் முள்மரங்களில் தேவாங்கு பார்ப்பதற்கும், உறவினர் ஒருவரின் கடலைக் காட்டில் பன்றிக் காவலுக்கும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஒரே பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைக் குறிப்பிடாமல், இந்த வகைக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, வாங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை மட்டும் எழுதுகிறேன். பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் தொலைவை நம்பி இதை வாங்கக் கூடாது. நூறு மீட்டருக்குள் ஒரு வேலை இருக்கிறதென்று தெளிவாகத் தெரிந்தவர் வாங்கினால் கொடுத்த பணத்துக்கு மேல் பயன் தரும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கம் இரண்டு வட்டக் கண்ணாடிகள் இருப்பதால் சாதாரண பைனாகுலரைப் போல இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் பாதை இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவற்றில் ஒன்றுதான் கேமராவின் லென்சு. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் விளக்கு. கேமரா பிடிக்கும் படம் உள்ளே இருக்கும் சுமார் 3 அங்குலத் திரையில் தோன்ற, அந்த ஒரே திரையை இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கின்றன. ஆகவே ஆழம் தெரியாது. ஒரு கிளை முன்னால் இருக்கிறதா, அதற்குப் பத்தடி பின்னால் இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. கருவியைப் பிடித்தபடி இருட்டில் நடப்பது ஆபத்தானது என்பதற்கும் இதுவே காரணம். கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் இந்தப் பெரிய திரை ஒரு வசதி, ஏனெனில் கண்ணாடியைக் கழற்றாமலே முழுப் படத்தையும் பார்க்கலாம்.

விளக்கின் அலைநீளம் விலைப்பட்டியலில் ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். 850 நானோமீட்டர் விளக்கைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். 940 நானோமீட்டர் விளக்கில் அதுகூடத் தெரியாது. எனினும் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு 940-இல் உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அதே மின்சாரத்தைச் செலவழித்தாலும் பார்க்கும் தொலைவு குறைவாகவே இருக்கும். மனிதத் திருடரைக் கண்காணிக்கும் காவலருக்கு 940 பொருந்தலாம். விலங்கு பார்ப்பவருக்கும் தோட்டக் காவலுக்கும் 850-தான் ஏற்றது. விளக்கு எரிகிறதா என்பதைக் கைப்பேசிக் கேமராவின் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: பெரும்பாலான கைப்பேசிகளின் திரையில், குறிப்பாக முன்பக்கக் கேமராவில், அந்த ஒளி வெளிர் ஊதாவாகத் தெரியும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதற்காக அந்த விளக்கை அருகில் வைத்து உற்றுப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் தெரியாதபோது கண்மணி சுருங்குவதில்லை, இமையும் தானாக மூடுவதில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இனித் தொலைவு. நான் வாங்கிய பெட்டியில் முழு இருளில் 500 மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. வெளிச்சத்தின் இயல்பை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்: விளக்கிலிருந்து இருமடங்கு தள்ளிப் போனால் பொருளின் மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது, ஐந்து மடங்கு தள்ளிப் போனால் இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. அதற்கும் மேலாக, பார்த்தல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் இவற்றைப் பிரித்து அளந்தார்: அங்கே ஏதோ இருக்கிறது என்று அறிவது ஒன்று, அது மாடா மனிதனா என்று வகை பிரிப்பது இரண்டு, இன்னது என்று உறுதியாகச் சொல்வது மூன்று. அவர் கணக்கின்படி வகை பிரிப்பதற்கு, இருப்பதை அறிவதைப் போல நான்கு மடங்கு நுணுக்கம் படத்தில் வேண்டும். விற்பவர்கள் அச்சிடும் எண், நல்ல வானிலையில், பெரிய பொருளுக்கு, முதல் வேலையை மட்டும் கணக்கில் கொண்டது.

என் கருவியில் காட்டுப்பன்றி ஏறத்தாழ 100 மீட்டர் வரை பன்றியாகத் தெரிகிறது. 150 மீட்டரைத் தாண்டினால் நகரும் திட்டாக மட்டும் தெரிகிறது. தேவாங்கின் உடலை 25 மீட்டருக்குள்தான் கண்டுகொள்ள முடிகிறது. ஆனால் அதன் கண்கள் அதைவிட இருமடங்குக்கும் மேலான தொலைவிலிருந்தே மின்னுகின்றன. தேவாங்கு, மரநாய், நரி, மான் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதே இதற்குக் காரணம். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கடலைக் காட்டின் ஓரத்தில் சோடிக் கண்கள் பளிச்சென்று மின்னினால் அது பெரும்பாலும் நாயோ நரியோதான். பன்றியைக் கண்ணைக் கொண்டு தேடாமல் முதுகின் வளைவைக் கொண்டு தேட வேண்டும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு பரண் மீதிருந்து காவல் பார்ப்பது வெகுவாக எளிதாகிவிட்டது.

அகச்சிவப்பில் உலகம் நாம் பழகியபடி இருப்பதில்லை. பச்சை இலைகள் அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. கைக்கெட்டும் தொலைவில் ஒரு வேப்பங்கிளை இருந்தாலும் அது திரையைப் பொசுக்கியதுபோல் வெளுத்துவிட, கருவி தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, பின்னால் இருக்கும் வயல் முழுவதும் கறுத்துப் போகும். படம் சரியில்லை என்று பலர் குறைபடுவதற்கு இதுவே முதல் காரணம் என்று கருதுகிறேன். முன்னால் எந்தக் கிளையும் புல்லும் இல்லாத இடமாகப் பார்த்து நிற்பதும், விளக்கின் அளவைத் தேவைக்குமேல் கூட்டாதிருப்பதும் பெரிய மாற்றத்தைத் தருகின்றன. விளக்கை ஏழு நிலைகளில் கூட்டிக் குறைக்கலாம் என்று விளம்பரத்தில் இருப்பதைக் காட்டிலும், விளக்கின் கதிரை விரிக்கவும் குவிக்கவும் ஒரு வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். குவிந்த கதிர்தான் தொலைவைத் தரும். விரிந்த கதிர் அருகில் தேடுவதற்கு உதவும்.

மழைக்காலத்து இரவுகளில் ஈசலும் சிறு பூச்சிகளும் விளக்கின் முன் பறந்து, திரையில் வெள்ளைக் கோடுகளாக ஓடும். பனிமூட்டத்தில் வண்டியின் ஹைபீம் விளக்கைப் போட்டால் எதிரில் வெண்சுவர் எழுவதைப் போலத்தான் இங்கும் நிகழும். அந்த நேரத்தில் விளக்கைக் குறைப்பதே வழி. மார்கழிக் காலையில் இந்தக் கருவியை எடுத்துச் செல்வதையே நான் விட்டுவிட்டேன். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கவும் முடியாது, விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்துவிடும்.

குவியத்தைப் பகலில் சரிசெய்து வைத்துவிட்டு இரவில் அப்படியே பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: லென்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஆகவே இருட்டிய பிறகு, தொலைவில் உள்ள ஒரு மின்கம்பத்தையோ மரத்தின் அடியையோ பார்த்து லென்சின் குவிய வளையத்தை மறுபடி திருப்பிக்கொள்ள வேண்டும். பகல் நிலையிலிருந்து இரவு நிலைக்கு மாற்றும்போது உள்ளே ஒரு வடிகட்டி நகரும் 'டக்' என்ற ஓசை கேட்கும். அமைதியான காட்டோரத்தில் அது முயலை விரட்டப் போதுமானது. இடத்துக்குப் போகும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

இந்த வகைக் கருவியின் பெரிய குறை எனக்குத் திரையின் பிரகாசம்தான். நம் கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கிறது. ஒளிரும் திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கருவியை இறக்கினால் அந்தப் பழக்கம் அத்தனையும் போய், காலடியில் இருக்கும் வரப்பும் தெரியாது. பாம்பு நடமாடும் இடத்தில் இது சிறிய விஷயமல்ல. பிரகாசத்தை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுபோவதும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொன்றால் மட்டும் பார்ப்பதும் ஓரளவு உதவுகின்றன. திரையை முற்றிலும் மங்கலாக்க முடியாத மாதிரிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன என்பதால் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. புதிதாக எந்த நுணுக்கமும் கிடைக்காது. 4கே வீடியோ என்ற விளம்பரத்திலும் பல கருவிகளில் சென்சார் தருவது அதைவிடக் குறைந்த புள்ளிகளைத்தான், மீதியை மென்பொருள் நிரப்புகிறது. சென்சாரின் பெயரையும் லென்சின் எஃப் எண்ணையும் (எண் சிறிதானால் உள்ளே வரும் ஒளி கூடும்) வெளிப்படையாகச் சொல்லும் விற்பனையாளருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். சோனியின் ஸ்டார்விஸ் வகை சென்சார்கள் கண்காணிப்புக் கேமராக்களுக்கென்றே உருவானவை, அகச்சிவப்பிலும் நல்ல உணர்திறன் உடையவை. எஃப் 2 லென்சைவிட எஃப் 1.2 லென்சு ஏறத்தாழ 2.8 மடங்கு ஒளியை உள்ளே விடும். பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும் கருவியைவிட, கழற்றி மாற்றக்கூடிய 18650 வகை லித்தியம் பேட்டரி உள்ளதே நல்லது. விளக்கை முழு அளவில் எரித்தால் பேட்டரி விரைவில் இறங்கிவிடும்; இரவு முழுவதும் காவல் இருப்பவருக்கு மாற்று பேட்டரி கட்டாயம்.

இந்தக் கருவி தேவையே இல்லாதவர்களும் உண்டு. அந்தி மயங்கும் நேரத்திலும் நிலவொளியிலும் பார்ப்பதே நோக்கம் என்றால் 7×50 அளவுள்ள, அதாவது ஏழு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண பைனாகுலர் போதும். ஐம்பதை ஏழால் வகுத்தால் வரும் ஏழு மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம், இளவயதினரின் கண்மணி இருளில் விரியும் அளவும் அதுவே. பேட்டரி வேண்டாம், ஆழம் தெரியும், விண்மீன்களும் பார்க்கலாம். வயதாக ஆகக் கண்மணி அவ்வளவு விரியாது என்பதால் முதியவர்களுக்கு அந்த அகலம் முழுவதும் பயன்படாது.

மற்றொரு பக்கம் தெர்மல் கருவிகள் இருக்கின்றன. இவை எந்த விளக்கும் இல்லாமல், உடலிலிருந்து வரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்பக் கதிரைப் படமாக்குகின்றன. மதுக்கரையில் ரயில் தடத்தைக் கடக்கும் யானைகளைக் காக்க 2024-இல் வனத்துறை நிறுவிய கோபுரங்களில் இத்தகைய கேமராக்கள் உள்ளன. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் இவற்றுக்கு இணையில்லை. என்ன என்று சொல்வதில்தான் இடறும். சென்சாரில் 12 மைக்ரான் அளவுள்ள புள்ளிகளும் 25 மில்லிமீட்டர் லென்சும் உள்ள கருவியில் 500 மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி 24 சென்டிமீட்டரை அடைத்துக்கொள்கிறது. முக்கால் மீட்டர் உயரப் பன்றி அங்கே மூன்று புள்ளி உயரம்தான், கன்றுக்குட்டியும் ஏறக்குறைய அவ்வளவே. பகல் முழுதும் காய்ந்த பாறைகள் கோடையில் முன்னிரவு வரை சூட்டைத் தக்கவைத்திருப்பதால், பாறைக் கரட்டின் மீது நிற்கும் விலங்கைப் பிரித்தறியவும் நள்ளிரவைத் தாண்ட வேண்டியிருக்கும். நல்ல தெர்மல் கருவியின் விலையும் மேலே சொன்ன வகையைப்போல் பல மடங்கு. பெரிய தோப்பும் யானை நடமாட்டமும் உள்ளவருக்கு அந்தச் செலவு நியாயமானது. இரண்டு ஏக்கர் கடலைக்கு அல்ல. ராணுவத்தினர் அணியும் ஒளிபெருக்கிக் குழாய்க் கருவிகளோ தரத்தில் மிக உயர்ந்தவை, விலையும் லட்சங்களில் போகிறது, மூன்றாம் தலைமுறைக் குழாய்களை வெளிநாடுகளுக்கு விற்க அமெரிக்கா கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சாதாரணப் பயனாளர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

தேவாங்கு பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு 2022-இல் அறிவித்தது. காப்புக்காட்டுக்குள் இரவில் அனுமதியின்றி நுழைவது குற்றம், கையில் எந்தக் கருவி இருந்தாலும். ஆனால் தேவாங்கு காட்டுக்குள் மட்டும் வாழ்வதில்லை. ஊரை ஒட்டிய வேலிக்கால்களிலும் புளியமரங்களிலும் இருக்கிறது. நில உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் பாதையில் நின்றபடியே பார்க்கலாம். வெள்ளை டார்ச்சை முகத்தில் அடித்தால் அது இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. அகச்சிவப்பு விளக்கின்கீழ் கிளையைப் பின்கால்களால் பற்றி, மெல்ல முன்னால் சாய்ந்து, பூச்சியைக் கையால் சட்டென்று பிடிப்பதை முழுமையாகப் பார்க்க முடிகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே இந்தக் கருவியை வைத்திருக்கிறேன். எனினும் ஒரே விலங்கை நெடுநேரம் விடாமல் தொடர்வதையும், இருக்கும் இடத்தை அடையாளம் தெரியும்படி படத்தோடு பகிர்வதையும் தவிர்க்க வேண்டும். தேவாங்கைப் பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால், திருப்பி அனுப்பும் கால அளவு இருக்கும் கடையில் வாங்கி, பொருள் வந்த அன்றிரவே வெளியில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் எந்தக் கருவியும் அருமையாகத் தெரியும். தெருவிளக்கு எட்டாத வெட்டவெளியில், வீட்டார் ஒருவரை 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் நிற்கச் சொல்லிப் பார்த்து, அப்போதே வீடியோவும் பதிவு செய்துகொள்ளுங்கள். விளக்கின் வட்டமும் கேமரா பார்க்கும் பரப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒரு பக்கம் விலகியிருந்தால் அந்தக் குறை பின்னால் சரியாகாது, உடனே மாற்றிக் கேட்க வேண்டும். எனக்கு முதலில் வந்த கருவியில் வட்டம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வீடியோவை அனுப்பிய பிறகுதான் விற்பனையாளர் ஒப்புக்கொண்டு வேறொன்றை அனுப்பினார்.