ஆப் இன்வென்டர்: கணினி இல்லாத வீட்டு மாணவியருக்குப் பொருந்துமா?

சென்னை கண்ணகி நகரில், எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் மாணவியர் சிலருக்கு வார இறுதிகளில் கணினி கற்பிக்கும் பொறுப்பை ஏற்றபோது, எந்த மென்பொருளில் தொடங்குவது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இவர்களுள் பலருடைய தாய்மார்கள் அங்கே துப்புரவுப் பணிக்குச் செல்பவர்கள். எவர் வீட்டிலும் கணினி இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் எல்லார் வீட்டிலும் உண்டு. அதனாலேயே, ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான செயலிகளை நாமே உருவாக்க உதவும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டரைத் தேர்ந்தேன். ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் மதிப்பீடு இது.

பேராசிரியர் ஹால் ஏபல்சனின் முன்னெடுப்பில் 2010இல் கூகுள் வெளியிட்ட இந்த இலவசச் சேவை, பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. கணினி உலாவியிலேயே இயங்குகிறது. ஒரு பக்கத்தில் செயலியின் தோற்றத்தை அமைத்து, மறுபக்கத்தில் கட்டளைகள் எழுதிய வண்ணப் பிளாக்குகளை ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் தயார். பொருந்தாத பிளாக்குகள் சேரவே மறுப்பதால், நிரலைத் தட்டச்சு செய்யும்போது அரைப்புள்ளி விட்டுப்போன பிழையைத் தேடி ஒரு மணி நேரத்தைத் தொலைக்கும் துயரம் இங்கு இல்லை. எங்கள் திரையில் பிளாக்குகளின் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. நான் அஞ்சிய அளவுக்கு அது தடையாகவில்லை. "வென்" என்றால் "நிகழும்போது" என்பதை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டார்கள். மாறக்கூடிய மதிப்பைச் சேமித்து வைக்கும் "மாறி" என்றால் என்ன என்பதைப் புரியவைக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

இதன் பெரும் பலம், துணைச் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைப் படம் பிடித்தவுடன், கணினியில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கைப்பேசியில் அப்போதே தெரிவதுதான். தமிழ்க் குரல் உள்ள கைப்பேசியில், எழுதியதை வாசித்துக் காட்டும் செயலியை முதல் மாதத்திலேயே செய்துவிட்டார்கள். அது பாட்டிக்கு மருந்துச் சீட்டை வாசிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். தட்டச்சு செய்து கொடுத்தால் வாசிக்கும் என்றேன். மருத்துவரின் கையெழுத்து வேறு பாடம்.

மும்பை தாராவியில் நவநீத் ரஞ்சன் தொடங்கிய தாராவி டைரி திட்டத்தின் சிறுமியர் இதே கருவியைக் கொண்டு, ஆபத்தில் உதவி கோரவும், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறை வந்ததை அறிவிக்கவும் செயலிகள் செய்தார்கள். அந்தக் கதையைச் சொன்ன நாளில்தான் எங்கள் வகுப்பும் பூனைப்படத்தைத் தொட்டால் கத்தும் பயிற்சியை விட்டு, லாரித் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

குறைகளும் உண்டு. ஒரே திட்டத்தில் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. நால்வருக்கு ஒரு கணினி என்றால், சுட்டி யார் கையில் இருக்கிறதோ அவளே படிக்கிறாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றுவதை விதியாக்க வேண்டியிருந்தது. இணையம் நின்றால் வகுப்பும் நிற்கும். பிளே ஸ்டோரில் வெளியிட விரும்பினால் 25 டாலர் பதிவுக் கட்டணம் உண்டு. அது கூகுளுக்குச் செல்வது. கூகுள் கணக்கு இல்லாத மாணவியர் ஒரு குறியீட்டைக் கொண்டே நுழைய வழி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குறியீட்டைத் தொலைத்தால் செய்த வேலையும் போயிற்று. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

உண்மையான சிக்கல் மென்பொருளில் இல்லை. வீட்டில் இருக்கும் கைப்பேசி அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. ஒரு மாணவி தன் செயலியை அதில் நிறுவியபோது, அறியாத மூலத்திலிருந்து வந்தது என்ற வழக்கமான எச்சரிக்கையைப் பார்த்த தந்தை, அதை வைரஸ் என்று எண்ணி நீக்கிவிட்டார். கைப்பேசி போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைக் கணினித் திரையிலேயே ஓட்டலாம்தான். ஆனால் குலுக்கினால் ஒலிக்கும் செயலியை அதில் எப்படிக் குலுக்குவது?

இதைக் கொண்டு கற்பிக்க விரும்புவோர், இன்னொரு மடிக்கணினி வாங்கும் முன் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் மூன்றை வகுப்புக்கென்று வாங்கிவிடுங்கள். எங்களுடையவற்றில் சிம் போடவில்லை. அதனால் அவற்றை யாரும் இரவல் கேட்பதும் இல்லை.