சிங்கப்பூரா, மியூனிக்கா? இரண்டாவது சம்பளத்தை வைத்து ஒரு கணக்கு

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் போடுவது ரூபாய்க் கணக்குதான். மாதம் 8,000 சிங்கப்பூர் டாலர், அல்லது வருடம் 65,000 யூரோ. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் மாதம் ஐந்தரை லட்சம் சொச்சம் என்று கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். அதனால் எது பிடித்த ஊரோ அதற்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஒற்றை ஆளாகப் போனால் அது பெரிய தப்பும் இல்லை. கணவன் மனைவி இருவராகக் கிளம்பும்போதுதான் அந்தக் கணக்கு காலை வாருகிறது.

இரண்டையும் எடை போட்டு மியூனிக்கைத் தேர்ந்தவன் எழுதுவது இது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சீக்கிரம் முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கோயில், மளிகை, தமிழ்ப் பேச்சு, திருச்சியிலிருந்து நேர் விமானம் எல்லாவற்றிலும் சிங்கப்பூருக்குப் போட்டியே இல்லை. தேக்கா சந்தையில் கிடைக்கும் முருங்கைக்கீரைக்கு மியூனிக்கில் பதில் கிடையாது. குளிர், இருட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடைகள் எல்லாம் ஜெர்மனியின் கணக்கில் கழித்தல். வருமான வரியிலும் சிங்கப்பூர் எங்கோ முன்னால் நிற்கிறது.

ஒரே சம்பளம் வருகிற வீட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 8,000 டாலர் என்றால் வருடம் 96,000. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவருக்கு, நம்மூர் பிஎஃப் போன்ற சிபிஎஃப் பிடித்தம் இல்லை. துணைக்கான கழிவையும் சேர்த்தால் வருட வரி 4,800 டாலர் சுமார். அது மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படாது, அடுத்த ஆண்டு பில்லாக வரும் என்பதால் மாதம் 400 டாலரை ஒதுக்கி வைக்க வேண்டும். கையில் 7,600. ஊரை விட்டுக் கிளம்பும்போது வரி பாக்கி தீரும்வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். இது சட்டப்படியே நடப்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விமான டிக்கெட் போட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு.

செங்காங், உட்லண்ட்ஸ் பக்கம் மூன்றறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு 2,600 முதல் 3,000 டாலர் வாடகை. சிங்கப்பூர்க் கணக்கில் 'மூன்றறை' என்பது இரண்டு படுக்கையறை. 2,900 என்று வைத்துக்கொண்டு, ஏசி ஓடும் மின்கட்டணம், இணையம், இருவர் போக்குவரத்து, சாப்பாடு, துணைக்குத் தனி மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்தால் மாதம் 4,500ஐத் தொடும். பல கம்பெனிகள் ஊழியருக்கு மட்டும்தான் காப்பீடு தருகின்றன, ஆஃபர் லெட்டரில் இதைப் பார்த்துவிடுங்கள். மிச்சம் 3,100 டாலர், அதாவது ஏறத்தாழ 2,000 யூரோ.

மியூனிக்கில் 65,000 யூரோவில் ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, பராமரிப்பு என நான்கு காப்பீடுகளுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதன் பிறகுதான் வரி. திருமணமானவர், துணைக்கு வருமானம் இல்லை, மாதப் பிடித்தம் குறைவான மூன்றாம் வரி வகுப்பு என்றால் கையில் மாதம் 3,700 யூரோ சுமார். 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 'வார்ம்மீட்ட' எனப்படும் வெப்பமூட்டலோடு சேர்ந்த வாடகை 1,550. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 'கால்ட்மீட்ட', வெப்பமூட்டல் போன்றவை சேராத வெறும் வாடகை. அதற்கு மேல் மாதம் 200, 250 ஏறும் என்று மனதில் வையுங்கள். நாடு முழுக்கச் செல்லும் ஜெர்மனி டிக்கெட் 2026 முதல் ஆளுக்கு 63 யூரோ. வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் 18.36. எல்லாம் போக 1,200 யூரோ மிஞ்சினால் நல்லது.

2,000க்கு எதிரே 1,200. ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓடப்போகிறது, துணைக்கு வேலைக்குப் போகும் எண்ணமே இல்லை என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. சிங்கப்பூர்தான்.

துணையும் வேலை பார்ப்பவர் என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் அங்கே வேலை செய்யச் சட்டம் விடுகிறதா, எந்தச் சம்பளத்திலிருந்து விடுகிறது?

சிங்கப்பூரில் முன்பு டிபெண்டன்ட் பாஸில், அதாவது வேலையில் இருப்பவரின் துணை என்ற அனுமதியில் வந்தவர் கம்பெனி வாங்கித் தரும் ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போக முடிந்தது. 2021 மே 1 முதல் அந்த வழி, சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மூடப்பட்டது. இப்போது துணைக்கும் தனியாக ஒரு வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 முதல் குறைந்தபட்சம் 5,600 டாலர், நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். அதோடு காம்பஸ் புள்ளிமுறையில் 40 புள்ளி தேற வேண்டும். அதற்குக் கீழே எஸ் பாஸ் என்ற இடைநிலை வேலை அனுமதி. அதில் சம்பள வரம்பு குறைவுதான், ஆனால் கம்பெனிக்கு ஒதுக்கீடு உண்டு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் பத்தில் ஒருவருக்கு மேல் எடுக்க முடியாது, ஒவ்வொருவருக்கும் மாதம் 650 டாலர் தீர்வையும் கம்பெனி கட்ட வேண்டும். பள்ளி ஆசிரியர், கணக்காளர், மனிதவளப் பிரிவில் நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர் போன்றோருக்கு வரும் 3,500, 4,000 டாலர் வேலைகள் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு எட்டாமலும், எஸ் பாஸ் கொடுத்து எடுக்கும் அளவுக்குக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாமலும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. நேர்காணல் நன்றாகப் போகும், "உங்களிடம் என்ன பாஸ் இருக்கிறது?" என்ற கேள்வியில் நின்றுவிடும்.

ஜெர்மனியில் ப்ளூ கார்ட் (பட்டதாரி ஊழியர்களுக்கான வேலை, வதிவிட அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு வரும் வதிவிட அட்டையிலேயே 'எர்வெர்ப்ஸ்டேடிஷ்கைட் எர்லாப்ட்' என்று அச்சிட்டிருக்கும். தொழில் செய்ய அனுமதி உண்டு என்று பொருள். சம்பள வரம்பு கிடையாது, ஒதுக்கீடு கிடையாது. பகுதிநேரம், முழுநேரம், கடையில் வேலை, சொந்தத் தொழில், எதுவானாலும் சரி. சேர்ந்து வருவதற்கு மற்றவர்களிடம் கேட்கும் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் தேர்வும் ப்ளூ கார்ட் துணைக்குக் கட்டாயமில்லை.

துணைக்கு வருடம் 42,000 யூரோ, மாதம் 3,500 சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். வீட்டுக்குக் கூடுதலாக வருவது 3,500 அல்ல, 1,950 சுமார்தான். பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒற்றைச் சம்பளத்தில் கிடைத்த வரிச் சலுகை இரண்டாவது சம்பளம் வந்ததும் கரைவதுதான் காரணம். ஒருவருக்குப் பிடித்தம் குறைவாகவும் மற்றவருக்கு அதிகமாகவும் 3-5 என்று வரி வகுப்பைப் பிரித்துக்கொண்டால் ஐந்தாம் வகுப்பில் இருப்பவரின் சம்பளச் சீட்டு இன்னும் பரிதாபமாகத் தெரியும். 4-4 வைத்தால் இருவருக்கும் சமமாகத் தெரியும். ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்தபின் மொத்த வரி ஒன்றுதான். ஆனால் வேலையின்மை உதவித்தொகையும் பேறுகாலத்துக்குப் பிந்தைய பெற்றோர் உதவித்தொகையும் கையில் வந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. குழந்தைக்குத் திட்டம் இருந்தால், மனைவியை ஐந்தாம் வகுப்பில் விட்டுவைப்பது நஷ்டம். பல மாதம் முன்பே மாற்ற வேண்டும்.

இவ்வளவு வெட்டுக்குப் பிறகும் மியூனிக் வீட்டின் மிச்சம் 1,200லிருந்து 3,100 யூரோவுக்குப் போகிறது. சிங்கப்பூர் ஒற்றைச் சம்பள வீட்டில் 2,000 யூரோவுக்குச் சமமான மிச்சம் அப்படியே நிற்கிறது. நாங்கள் மியூனிக் வந்தது இந்த 1,100 யூரோ வித்தியாசத்துக்காகத்தான்.

துணையும் ஐடியில் இருக்கிறார், 5,600க்கு மேல் வாங்கக்கூடியவர் என்றால் கதை தலைகீழ். சிங்கப்பூரில் அந்தச் சம்பளத்துக்கு மாதம் 200 டாலர்தான் வரி. மீதி 5,400 அப்படியே மிச்சத்தில் சேரும். அப்போது ஜெர்மனி பக்கத்தில்கூட வர முடியாது.

மறுபக்கம், ஜெர்மனியில் சட்டம் கதவைத் திறந்தாலும் மொழி திறக்க வேண்டுமே. துணைக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் முதல் ஒரு வருடத்தை ஒற்றைச் சம்பள வருடமாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பு வகுப்பு என்ற பெயரில் மானியத்தோடு நடக்கும் 600 பாடவேளைப் படிப்பு ஏ1, ஏ2 தாண்டி பி1 நிலை வரை கொண்டுபோகும். அலுவலக வேலைக்கு அடுத்த நிலையான பி2 கேட்பார்கள். மருத்துவர், செவிலியர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றோர் பட்டத்துக்கு அங்கீகாரமும் வாங்கியாக வேண்டும். ஊரிலேயே ஏ2 முடித்துவிட்டுக் கிளம்பினால் அந்த ஒற்றைச் சம்பள வருடம் பாதியாகக் குறைய வாய்ப்புண்டு.

துணை பின்னால் வருகிறார் என்றால் ஒரு நுணுக்கம். அவர் ஜெர்மனி வந்து நகராட்சியில் முகவரியைப் பதியும்வரை நீங்கள் முதலாம் வகுப்பு, கையில் 3,300தான். பதியும்போது திருமணச் சான்றிதழும் அதன் சான்றளித்த ஜெர்மன் மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். அவர் அக்டோபரில் வந்தாலும் அந்த வருடம் முழுவதற்கும் கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்யலாம், பெரிய தொகை திரும்ப வரும். ஆனால் அந்த ஆண்டில் அவர் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் காட்ட வேண்டும். அதற்கு வரி கிடையாது, ஆனால் வரி விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றும்.

குடியேறும் செலவில் ஜெர்மனி கடுப்பேற்றும். முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்ட வரை. அதை மூன்று தவணையில் கட்டச் சட்டம் இடம் தருகிறது. பல வீடுகளில் சமையலறை என்றால் வெறும் சுவரும் குழாயும்தான், அடுப்பும் அலமாரியும் நீங்கள் வாங்க வேண்டும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போகும் சமையலறையை விலைக்கு வாங்கிக்கொள்வது மலிவு. சிங்கப்பூரில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத முன்பணம், மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை. 2,900 வாடகைக்கு அது 278 டாலர். ஏசி சர்வீஸ் பொதுவாகக் குடியிருப்பவர் தலையில். ஒரு வருடத்துக்குப் பிறகு வேலை போனால் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற ஷரத்து இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ஷரத்து ஏன் முக்கியம் என்றால், சிங்கப்பூரில் வேலை போனால் பாஸ் ரத்தாகும், துணையின் பாஸும் கூடவே போகும். மூட்டை கட்டக் கிடைப்பது பொதுவாக 30 நாள். ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்குக் குறைந்தது மூன்று மாத அவகாசம். 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் கடைசியாகக் கையில் வந்த சம்பளத்தில் 60 சதவீதம் உதவித்தொகையாக வரும். சம்பளத்தில் பிடித்த அந்த ஐந்தில் ஒரு பங்கு அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. துணை ஏற்கெனவே வேலையில் இருந்தால் 1,550 வாடகை தவறாது.

துபாயையும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. வருமான வரி இல்லை, கம்பெனி அனுமதி எடுத்துக் கொடுத்தால் துணையும் வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு வருட வாடகையை இரண்டு மூன்று காசோலையில் முன்கூட்டியே கொடுக்கும் அளவுக்குக் கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

இங்கே போட்டிருப்பது குழந்தை இல்லாத இருவர் கணக்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தையும் ஜெர்மனியின் இலவச அரசுப் பள்ளியையும் எடுத்து மறுபடி போடுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால் அதையும் சேருங்கள். சிங்கப்பூரில் பெற்றோருக்கு நீண்டகால வருகை பாஸ் எடுக்க உங்கள் சம்பளம் 12,000 டாலர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஷெங்கன் விசாவில் வந்தால் 180 நாளில் 90 நாள்தான். அதற்கு மேல் தங்க, 2024 மார்ச் 1 முதல் முதன்முறையாக ப்ளூ கார்ட் வாங்கியவர்கள் பெற்றோருக்கு வதிவிட அனுமதி கேட்கலாம்.