பேரக்குழந்தையைப் பார்க்க வழக்குப் போடலாமா? நான்கு நாட்டுச் சட்டங்கள் ஓர் ஒப்பீடு

மகனோ மருமகளோ, மகளோ மருமகனோ ஒருநாள் "இனிமேல் பிள்ளையைப் பார்க்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் தாத்தா பாட்டி சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? பல நாடுகளில் முடியும். ஆனால் வழக்குப் போட முடிவது வேறு, ஜெயிப்பது வேறு. நீதிபதி முன்னால் யார் எதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. பிரான்ஸ், அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து என்ற நான்கையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

தாத்தா பாட்டிக்கு இவற்றில் மிகவும் சாதகமானது பிரான்ஸ். வேடிக்கை என்னவென்றால், அங்கே சட்டம் அவர்கள் பெயரில் உரிமையை எழுதவே இல்லை. குழந்தையின் பெயரில் எழுதியிருக்கிறது. தன் தாத்தா பாட்டி முதலான முன்னோரோடு உறவு வைத்துக்கொள்ளக் குழந்தைக்கு உரிமை உண்டு, குழந்தையின் நலன் மட்டுமே அதற்குத் தடையாக முடியும் என்கிறது குடிமைச் சட்டத்தின் 371-4ஆம் பிரிவு. 1970இல் இந்த ஏற்பாடு வந்தபோது வாசகம் வேறு: கடுமையான காரணம் இல்லாமல் பெற்றோர் குறுக்கே நிற்கக் கூடாது என்று இருந்தது. 2002இல் அதைக் குழந்தையின் உரிமையாகத் திருப்பி எழுதினார்கள். 2007இல் 'கடுமையான காரணம்' போய், குழந்தையின் நலன் அந்த இடத்துக்கு வந்தது.

இதனால் என்ன ஆகிறது? இந்த உறவு குழந்தைக்கு நல்லது என்ற எண்ணத்தோடு விசாரணை தொடங்குகிறது. இல்லை, கெடுதல் என்று சொல்பவர்கள்தான் அதைக் காட்ட வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துவராது என்பது மட்டும் அங்கே போதுமான காரணம் ஆகாது. நேரில் சந்திக்க விடுவது சரிப்படாது என்று நீதிபதி நினைத்தால் கடிதம், தொலைபேசி என்று குறைத்துக் கொடுக்கலாம்; மூன்றாவது ஆள் மேற்பார்வையில் பொது இடத்தில் சந்திக்கவும் ஏற்பாடு செய்யலாம். தீர்ப்பு வந்த பிறகும் குழந்தையை அனுப்ப மறுத்தால் அது குற்றவியல் விவகாரம்: ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகலாம். சொந்தப் பிள்ளை மேலேயே அந்தப் புகாரைக் கொடுக்க எத்தனை பெற்றோருக்கு மனம் வரும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ஐம்பது மாநிலங்களிலும் தாத்தா பாட்டி மனுப் போடுவதற்கு ஏதோ ஒரு வகையில் சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றின் மேலும் உச்ச நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டு டிராக்சல் தீர்ப்பு குடைபோல விரிந்திருக்கிறது. வாஷிங்டன் மாநில வழக்கு அது. இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை இறந்துவிட்டார். தாய், அப்பாவழித் தாத்தா பாட்டியின் சந்திப்பை மாதம் ஒருமுறை என்று குறைத்தார், அடியோடு நிறுத்தவில்லை. அவர்களோ மாதம் இரண்டு வார இறுதிகளும் கோடையில் இரண்டு வாரமும் கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பாட்டி பிறந்தநாள்களில் நான்கு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குழந்தையைச் சரியாகக் கவனித்துக்கொள்ளும் பெற்றோர் எடுக்கும் முடிவு குழந்தையின் நன்மைக்கே என்றுதான் நீதிமன்றம் தொடங்க வேண்டும், அந்த முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்றிருந்த வாஷிங்டன் சட்டத்தின் அகலமும் அதற்கு உறுத்தியது.

பிரான்சில் பெற்றோர் தோளில் இருக்கும் சுமை அமெரிக்காவில் தாத்தா பாட்டி தோளுக்கு மாறிவிடுகிறது. எவ்வளவு கனம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் குழந்தைக்கும் தங்களுக்கும் ஏற்கெனவே பாசப் பிணைப்பு இருந்ததைக் காட்ட வேண்டும். பெற்றோர் இருவரும் மணவாழ்க்கையில் சேர்ந்து வாழ்ந்தால், சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, மனுவே போட முடியாது. நியூயார்க்கில் பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் வாசல் எளிதில் திறக்கும்; மற்றபடி நீதிமன்றம் தலையிட நியாயமான சூழ்நிலை இருக்கிறது என்று முதலில் காட்டியாக வேண்டும்.

ஜெர்மனியைப் படிக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 1685ஆம் பிரிவு தாத்தா பாட்டிக்கு நேரடியாகவே உரிமை கொடுக்கிறது. கூடவே, அந்தச் சந்திப்பு குழந்தையின் நலனுக்கு உதவினால் என்று ஒரு நிபந்தனை. கெடுதல் இல்லை என்றால் போதாது, நன்மை செய்ய வேண்டும். குடிமை வழக்குகளுக்கான உச்ச அமைப்பான கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் இன்னொன்றையும் தெளிவாக்கியது: பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் பகை முற்றி, குழந்தை யார் பக்கம் நிற்பது என்று திண்டாடும் நிலை வந்தால் சந்திப்பு குழந்தைக்கு உதவாது. குழந்தையின் கண்ணில் இருந்து பார்த்தால் இது நியாயம்தான். ஆனால் சண்டையை யார் மூட்டினாலும் பலன் கதவைச் சாத்தியவருக்கே போகிறது. பகை இல்லாத வீட்டில் யார் நீதிமன்றம் போகிறார்கள்? பிரான்சில் தனியாக நிற்காத அதே காரணம் ஜெர்மனியில் வழக்கையே சாய்த்துவிடுகிறது. காகிதத்தில் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் ஜெர்மனிதான் தாராளமான நாடாகத் தெரியும்.

இங்கிலாந்து உரிமை பற்றிப் பேசுவதே இல்லை. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி தாத்தா பாட்டி பெரும்பாலும் முதலில் மனுப் போடுவதற்கே நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். குழந்தையோடு அவர்களுக்கு உள்ள தொடர்பு என்ன, வழக்கால் குழந்தையின் வாழ்க்கை குலையுமா என்று பார்த்து அனுமதி கொடுப்பார்கள். குழந்தை அவர்களிடமே சில ஆண்டுகள் வளர்ந்திருந்தால் இந்தப் படி தேவைப்படாது. அதற்கும் முன்னால், வன்முறை போன்ற விலக்குகள் தவிர, சமரசப் பேச்சு பற்றிய கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கு அனுமதி கேட்பது அவமானமாகத் தோன்றலாம். ஆனால் உண்மையான உறவு இருந்தவர்களுக்கு இது பெரிய தடை இல்லை, வீம்புக்கு வருபவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. சமரசக் கூட்டம் முதலிலேயே வருவதும் நல்லதுதான். தீர்ப்பு வந்த பிறகு சமரசம் பேசி யாருக்கு என்ன பயன்?

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிரான்சையும் அமெரிக்காவையும் இரண்டாகப் பிரித்துக் கேட்பேன். தாயோ தந்தையோ இறந்துபோன வீட்டில் பிரெஞ்சு விதிதான் சரி. அப்பாவை இழந்த குழந்தைக்கு அப்பாவழி உறவும் அறுந்துபோவது இரண்டாவது இழப்பு; அந்த இழப்பு தேவை என்று சொல்பவரே காரணம் காட்டட்டும். தாயும் தந்தையும் ஒரே குரலில் வேண்டாம் என்றால் அமெரிக்க எச்சரிக்கைதான் சரி. அங்கே இழுத்துப்பிடித்து வாங்கும் சனிக்கிழமைகளுக்கு விலை கொடுப்பது குழந்தை. கலிபோர்னியா ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. நெடுங்காலம் பழைய பிரெஞ்சு வாசகத்தைப் போலவே வைத்திருந்த கனடாவின் கியூபெக் மாகாணமும் 2022இல் அதை விட்டுவிட்டு, குழந்தையின் நலனுக்கு ஏற்ற அளவில் உறவு என்ற பக்கம் நகர்ந்தது.

ஆனால் இதில் நம் விருப்பத்துக்கு இடம் இல்லை. தாத்தா பாட்டி எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது கணக்கில் வராது. குழந்தை வழக்கமாக வசிக்கும் நாட்டு நீதிமன்றம்தான் பொதுவாக முடிவு செய்யும். பல்கேரியாவில் இருந்த ஒரு பாட்டி, கிரீஸில் வளரும் பேரனைப் பார்க்கத் தன் நாட்டு நீதிமன்றத்தையே நாடினார். 2018இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், குழந்தையைச் சந்திக்கும் உரிமை என்பதில் தாத்தா பாட்டியின் சந்திப்பும் அடங்கும், ஆகவே பெற்றோரின் சந்திப்புக்கு உள்ள அதே ஐரோப்பிய விதி இதற்கும் பொருந்தும் என்று சொன்னது. வழக்கு எந்த நாட்டுக்கு உரியது என்ற கேள்விக்கு அந்த விதி தரும் பதில்: பேரன் வசிக்கும் கிரீஸ்.